நமுத்த தோட்டா

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் காதும் முழங்காலும் எப்படி இருக்கின்றன? போன வாரம் போனில் நான் அழுதுகொண்டிருந்தேன், நீங்கள் "ஆமா ஆமா, இங்கயும் வெயில் ஜாஸ்திதான்" என்றீர்கள். போனைக் கேட்காத வலது காதில் வைத்திருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். யாரையாவது உட்காரவைத்து நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் பதினெட்டாம் தேதி மத்தியானம், சாப்பிடுவதற்காக மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். இரண்டு பேர் குனிந்து உள்ளே வந்தார்கள். இருவர் தலையிலும் ஹெல்மெட். ஒருவன் கையில் கத்தி. என்னை என் நாற்காலியிலேயே வைத்து, காயத்துக்குக் கட்டுகிற துணிச்சுருளால் கட்டினார்கள். நான் விற்கிற சுருள். வாயிலும் அதையே அடைத்தார்கள். தூக்க மாத்திரை, இருமல் மருந்து, கல்லாவில் இருந்தது, என் போன், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டுப் போனார்கள். அப்போது மணி இரண்டே கால். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் சந்தேகப்பட்டுத் தூக்கிப் பார்த்தபோது ஐந்தரை. நடுவில் எத்தனையோ பேர் வந்து ஷட்டரைத் தட்டினார்கள். "அக்கா இல்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் எனக்குக் கேட்டது.

அடி எதுவும் இல்லை. மணிக்கட்டில் தோல் உரிந்தது, ஆறிவிட்டது.

அண்ணா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இருபத்தொன்பது வருஷம் வங்கி வாசலில் நீங்கள் வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது வீட்டில் சும்மா இருக்கிறது. கண் பரிசோதனையில் தேறாததால் உரிமத்தை இனிப் புதுப்பிக்க மாட்டார்கள், ஏப்ரலுக்குள் ரத்த சொந்தத்தில் ஒருவருக்கு மாற்றாவிட்டால் காவல் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று நீங்களே சொன்னீர்கள். உங்களுக்கு ரத்த சொந்தம் என்று இருப்பது நான் ஒருத்திதான். எனக்குக் கொடுங்கள்.

வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

உங்கள் தங்கை

*

ஜனவரி 27

மேற்படி தங்கைக்கு மேற்படி அண்ணன் எழுதிக்கொள்வது யாதெனில்,

இந்த வரி என்னுடையது இல்லை. மாடிவீட்டுப் பத்திரக்காரர் எழுதினார். ஆயுசு முழுக்க வீட்டுப் பத்திரமும் நிலப் பத்திரமும் எழுதின கை. என்னை நாலு எல்லை கேட்காததுதான் பாக்கி. "யாதெனிலைத் தூக்குங்கய்யா, அவ என் தங்கச்சி, எதிர்க்கட்சி இல்ல" என்றேன். சிரித்தார், அடிக்கவில்லை. எழுதினதை அடித்தால் செல்லாமல் போய்விடுமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு முழங்கால் காலையில் மட்டும் மடங்க மறுக்கிறது. மற்றபடி குறை இல்லை. உன் மணிக்கட்டில் இடதா வலதா என்று எழுதவில்லையே. வலது என்றால் மருந்து எடுத்துக் கொடுக்கும் கை. உயரத்தில் இருக்கும் புட்டியை எட்டி எடுக்காதே.

உன்னைக் கட்டின நாற்காலி எது? கடை திறந்த அன்றைக்கு நான் தலையில் வைத்துக் கொண்டுவந்தேனே, அந்தப் பிரம்பு நாற்காலியா? அதற்கு இரண்டு பக்கமும் கை உண்டு. கட்டுவதற்குத் தோதான நாற்காலி. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு முக்காலி போட்டுக்கொள். சாப்பிடும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்காதே. ஒன்று முழுக்கத் திற, இல்லை முழுக்க அடை. பாதி இறக்கின ஷட்டர், உள்ளே ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்று தெருவுக்குச் சொல்கிறது. காலால் அழுத்துகிற மணி ஒன்று வைத்து அதன் சத்தம் கண்ணாடிக் கடையில் கேட்கிற மாதிரி இழுத்துவிடு. கல்லாவுக்கு முன்னால் கம்பி வலை அடி. இவ்வளவையும் செய்துவிட்டு எழுது.

நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்

*

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

வலது மணிக்கட்டு. இப்போது வலி இல்லை. முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம், தடவினால் போதும்.

நாற்காலியை மாற்றினேன். மணி வைத்தேன். வலை அடித்தால் வருகிறவர்கள் மருந்துச்சீட்டை எப்படி நீட்டுவார்கள், நான் எப்படிப் படிப்பேன்? அதை விட்டுவிட்டேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் கேட்ட பொருளின் பெயரே அதில் இல்லை.

போன ஞாயிறு எங்கள் தெரு வியாபாரிகள் கூட்டம் போட்டோம். இரும்புக் கடைக்காரர் எழுந்து, "ஆளுக்கொரு துப்பாக்கி இருந்தா ஒருத்தன் உள்ள கால் வெப்பானா?" என்றார். கண்ணாடிக் கடைக்காரர் விடவில்லை. "அப்போ அவனும் ஒண்ணு எடுத்துட்டு வருவான். இப்போ கத்தியோட வர்றான், அவ்வளவுதான் வித்தியாசம்." ரொட்டிக் கடை அம்மா, "உங்க கைல இருக்கறதைப் பிடுங்கி உங்களையே சுட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். "கத்தியோட வர்றவனுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பலாங்கறீங்களா?" என்றார் இரும்பு. அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் யாரோ, "அக்கா நீங்க சொல்லுங்க, உங்களைத்தானே கட்டினாங்க" என்றார்கள்.

"எனக்கு மூணேகால் மணி நேரம் யோசிக்க நேரம் கிடைச்சுது. ஒரே ஒரு பொருளைப் பத்தித்தான் யோசிச்சேன்" என்றேன். ரொட்டிக் கடை அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தருவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

தைலம் வந்தது. பத்திரக்காரரும் பாதி தடவிக்கொண்டார். அவருக்குத் தோள்பட்டை.

நீ கேட்டதைப் பற்றிச் சொல்கிறேன். துப்பாக்கியின் எடை மூன்று கிலோ நானூறு. முதல் நாள் தூக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் கழித்து இடது தோளில் தெரியும். சுடும்போது அடிக்கட்டையைத் தோள் சதையில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் விலகினால் எலும்பில் அடிக்கும். எங்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள் பயிற்சித் திடலில் ஐந்து தோட்டா கொடுத்துச் சுடச் சொல்வார்கள். இருபத்தொன்பது வருஷத்துக்கு நூற்றுநாற்பத்தைந்து. என் வலது காது அதில்தான் போனது. தோட்டாவை ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

வாசலில் உட்காருவது உனக்குப் பழக்கம் இல்லாத வேலை. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்க்க வேண்டும். "மூஞ்சியப் பாக்காதீங்கடா, கையப் பாருங்க" என்று பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொன்னார். மூஞ்சி பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவர் கணக்கு. அவ்வாறு பார்த்துவருங்கால் ஏற்பட்ட அனுபவங்கள் உண்டு. விரிவஞ்சி விடுக்கின்றேன்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் உனக்கு வேண்டுமென்றால் தாளை அனுப்பு. கைநாட்டு வைக்கிறேன். சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனால் கேட்ட பிறகு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நிஜமாகவே நன்றாக இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே போய்த் தாள்களை வாங்கிவிட்டேன். இதோடு வைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அங்கே கைநாட்டு வையுங்கள்.

"கேட்ட பிறகும் வேண்டுமென்றால்" என்று எழுதியிருக்கிறீர்கள். தோள் எலும்புக்கும் காதுக்கும் பயந்து பின்வாங்குகிற ஆளா நான்? எல்லாவற்றையும் கேட்டேன். வேண்டும்.

புதன், சனிக்கிழமை காலையில் பயிற்சிக்குப் போகிறேன். என்னைத் தவிர எல்லாரும் ஆண்பிள்ளைகள். முதல் நாள் பயிற்சியாளர், "யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்கம்மா?" என்று கேட்டார். "உங்களைத்தான்" என்றேன். அன்றிலிருந்து மரியாதையாகப் பேசுகிறார்.

தைலம் தீர்ந்தால் எழுதுங்கள். பத்திரக்காரருக்குத் தனிப் புட்டி அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை

*

மார்ச் 20

தங்கச்சிக்கு,

தாள் வந்தது. மூன்று இடத்திலும் கைநாட்டு வைத்தாயிற்று. துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தேன். அவர்களே உன் ஊருக்கு அனுப்புவார்கள். எண் நான்கு, ஏழு, ஒன்று, ஒன்று, எட்டு. வாங்கும்போது சரிபார்த்து வாங்கு.

கேட்ட பிறகும் வேண்டும் என்று சொல்லிவிட்டாய். எனக்கு வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

அண்ணன்

*

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கடிதத்தில் நான் இருக்கிறேனா இல்லையா என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. இத்தனை வருஷத் துணையைப் பிரிந்த வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். முழங்கால் எப்படி? சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறதா?

துப்பாக்கி வந்து பத்தொன்பது நாளாகிறது. எண் சரியாக இருந்தது. அடிக்கட்டையில் உங்கள் கை பட்டுப் பட்டு ஒரு இடம் கறுத்து வழவழப்பாக இருக்கிறது. மேஜைப் பலகைக்கு அடியில் துணி சுற்றின இரண்டு கொக்கி அடித்து அதில் மாட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து தெரியாது. உட்கார்ந்தால் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். பயிற்சியில் முதல் வாரம் தோள் நீலம் பாரித்தது, மூன்று நாள் இடது கையால் தலை வாரினேன். இப்போது ஐந்துக்கு நாலு குறி தப்புவதில்லை.

ஒன்று சொல்லட்டுமா? டிசம்பரிலிருந்து மத்தியானம் ஷட்டரில் கை வைத்தாலே விரல் நடுங்கும். முழுக்க இறக்கினால் மூச்சு முட்டும், திறந்து வைத்தால் சோறு இறங்காது. துப்பாக்கி வந்த மறுநாள் ஷட்டரை இறக்கினேன். நடுங்கவில்லை. டப்பாவில் கொண்டுபோன சோற்றை முழுசாகச் சாப்பிட்டேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பயிற்சியாளரிடம் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். "எங்கண்ணன் இருபத்தொம்பது வருஷம் வங்கி வாசல்ல உக்காந்தவரு. ஒருத்தர் மேலயும் துப்பாக்கியத் தூக்கினதே இல்ல. அது சும்மா இருந்தாலே போதும், தூக்கற வேலையே வராது" என்றேன். "குடுத்து வெச்சவரு" என்றார்.

உங்கள் தங்கை

*

மே 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. எனக்கு ஒன்றும் இல்லை. கீழ்வீட்டில் குடியிருக்கும் நர்ஸம்மா எழுதுகிறார். நான் சொல்வதில் ஒரு வார்த்தையும் குறைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் அவரிடம் பேனாவைக் கொடுத்தேன்.

உன் கடிதத்தைப் பத்திரக்காரர் படித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தர் மேலயும் தூக்கினதே இல்ல" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"திரும்பப் படிங்க."

படித்தார்.

"பிப்ரவரில நான் சொன்னதெல்லாம் எழுதினீங்களா?"

"எழுதினேனே."

"எல்லாம்?"

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அந்த ஒண்ணை மட்டும் எழுதல."

"ஏன்?"

"கோவிச்சுக்காம கேளுங்க. நாப்பது வருஷமா இதான் என் தொழில். எதிர்ல உக்காந்து சொல்றவர் மனசு விட்டு ஆயிரம் சொல்வார். அவருக்கே பாதகமா முடியறதை எழுத்துல ஏத்தக் கூடாது. நீங்க என்ன சொன்னீங்க? ஒரு ஆளைக் குறி வெச்சு விசையை இழுத்தேன்னு. அடியில கைநாட்டு வேற. உரிமம் மாத்தற நேரத்துல அந்தத் தாள் யார் கைல சிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அது என் தங்கச்சி கைக்குத்தானே போகுது?"

"தாளுக்குத் தங்கச்சி யாருன்னு தெரியாதுங்க. விரிவஞ்சின்னு ஒரு வார்த்தை போட்டேன். மிச்சத்தைச் சொல்லாம விட்டோம்ங்கறதுக்கு எங்க தொழில்ல அது போதும்."

கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தார். நானும் நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் தோள் எலும்பு, காது என்று விளையாட்டாக எழுதுகிறாய் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் உன் உடம்பை விசாரிக்காமல் கடிதம் போட்டேன்.

அன்றைக்குச் சொன்னதை இப்போது அப்படியே சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது, அதனால் மறக்கவும் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினோராம் வருஷம். ஆகஸ்டு ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நாலு நாளாக விடாத மழை. அதற்கு முந்தின வாரம்தான் இன்னொரு கிளையில் கொள்ளை போய், வாசலில் இருந்தவர் செத்துப்போயிருந்தார். அவரும் நானும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். மேலாளர் என்னைக் காலையில் கூப்பிட்டு, "யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லியிருந்தார்.

மூன்றரைக்கு வாசலை அடைப்போம். மூன்று இருபத்தைந்து இருக்கும். ஒரு ஆள் தெருவைக் கடந்து ஓடி வந்தார். தலையில் சாக்கு, முகம் தெரியவில்லை. கையில் நீளமாக ஒரு இரும்பு. "நில்லு" என்றேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை போல. படி ஏறி உள்ளே கால் வைத்துவிட்டார். இரும்பு பிடித்த கை மேலே போனது. நான் துப்பாக்கியைத் தூக்கினேன். ஆறடி தூரம். மார்பைக் குறி வைத்து விசையை இழுத்தேன்.

டிக் என்று ஒரு சத்தம். வெடிக்கவில்லை. அப்போதெல்லாம் அட்டை உறை போட்ட தோட்டா. மழையில் நமுத்துப்போயிருந்தது.

விரல் இரண்டாவது விசைக்குப் போய்விட்டது. அதற்குள் அந்த ஆள் தலையில் இருந்த சாக்கை எடுத்து உதறினார். "என்னா மழைண்ணே! அடைச்சிடுவீங்களோன்னு ஓடியாந்தேன்" என்றார். எதிர்ச் சந்தில் குழாய் வேலை செய்கிறவர். கையில் இருந்தது குழாய் முடுக்குகிற ஸ்பேனர். சாக்கை எடுக்கத்தான் கையைத் தூக்கியிருக்கிறார். நான் நனைந்த குழலைத் துடைப்பதுபோலத் துப்பாக்கியை இறக்கித் துணியால் துடைத்தேன். அவர் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு போனார்.

அவருக்குத் தெரியாது. உள்ளே இருந்த ஒன்பது பேருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அதே வாசலில் அவரைப் பார்த்தேன். கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். என் வீட்டுக் குழாயை இரண்டு முறை சரிசெய்து கொடுத்தார். மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார். போனேன், சாப்பிட்டேன், வந்தேன்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. மறுநாள் மேலாளரிடம் தோட்டா நமுத்துவிட்டது என்று சொல்லிப் புதிய பெட்டி வாங்கினேன். பிளாஸ்டிக் உறை. அது நமுக்காது. வேலையை விட்டு வரும்வரை அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அது என் வேலை.

கேட்ட பிறகும் வேண்டுமென்றால் என்றேன். நீ கேட்காமலே வாங்கிக்கொண்டாய். இப்போது கேட்டுவிட்டாய்.

சோற்றை முழுசாகச் சாப்பிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு முறை படிக்கச் சொன்னேன்.

அண்ணன்

*

ஜூலை 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? மே ஒன்பதாம் தேதி போட்ட கடிதத்துக்கு ஐம்பத்து நாலு நாளாகப் பதில் இல்லை. நேற்று நர்ஸம்மா போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுத்து ரொம்ப நேரம் பேசினாயாம். இடது காதில் வைத்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நர்ஸம்மாவைக் கேட்டால், "அழுதாங்களா, திட்டினாங்களான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலங்கய்யா" என்கிறார்.

எழுது. திட்டுவதாக இருந்தாலும் எழுது. எழுத்தில் இருந்தால் இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பத்திரக்காரரோடு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டேன். மனிதர் இளைத்துவிட்டார்.

அண்ணன்

*

ஜூலை 19

அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன். நானும் சாப்பிடுகிறேன். இதற்கு மேல் விசாரிக்க மனசு வரவில்லை.

போனில் திட்டவும் செய்தேன், அழவும் செய்தேன். நர்ஸம்மா சொன்னது சரிதான்.

அந்த ஆகஸ்டில் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தீர்கள். லீவு கிடைத்தது என்றீர்கள். பத்து நாளும் கொல்லையில் உட்கார்ந்து விறகு பிளந்தீர்கள். என் வீட்டுக்காரர்கூட, "உங்கண்ணன் நாலு வருஷத்துக்குப் பிளந்து வெச்சுட்டுப் போயிட்டாரு" என்று கேலி செய்தார். முப்பத்தைந்து வருஷம். அவர் செத்தும் எட்டு வருஷமாகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரக்காரர் மறைத்தது இரண்டரை மாதம். நீங்கள் மறைத்தது? அவர்மேல் கோபப்பட உங்களுக்கு என்ன இருக்கிறது?

இன்னொன்று. உங்கள் வாசலுக்கு வந்தவர் குழாய்க்காரர். என் கடைக்கு வந்தவர்கள் கத்தியோடு வந்தார்கள். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். மறுநாளே நமுக்காத தோட்டாவாகப் பார்த்து வாங்கினவர் நீங்கள். வங்கிக்கு ஒரு நியாயம், தங்கச்சிக்கு ஒரு நியாயமா? நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, தெரியும். சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் காதில் விழுகிறது.

ஆனால் உங்கள் கடிதம் ஒரு வேலை செய்துவிட்டது. மருந்துக்கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பைக்குள்தான் கை விடுவார்கள். சீட்டை எடுக்கத்தான். முன்பெல்லாம் அவர்கள் எடுப்பதற்குள் முகத்தைப் பார்த்து, "என்ன, இன்னும் இருமல் விடலையா?" என்று கேட்டுவிடுவேன். இப்போது கைகளைப் பார்க்கிறேன். கை பைக்குள் போனால் என் கை பலகைக்கு அடியில் போகிறது. போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டே ஒரு பெரியவருக்கு இரட்டை அளவு மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அவர் தெரு முனை திரும்புவதற்குள் ஓடிப்போய் வாங்கிவந்தேன். முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

துப்பாக்கி வந்ததும் பயம் போனது. நீங்கள் அந்தப் பயத்தை வேறு உருவத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

திருப்பித் தர மாட்டேன். கேட்டுவிட்டேன். வேண்டும்.

தங்கை

*

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் தேவலையா? போன கடிதத்தில் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து இப்போது கேட்கிறேன்.

போன வியாழக்கிழமை காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேறொரு வழக்கில் பிடிபட்ட ஒருவன் வீட்டில் என் போன் இருந்ததாம். என்னுடையதுதானா என்று அடையாளம் காட்டச் சொன்னார்கள். என்னுடையதுதான். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டானாம். கத்தி வைத்திருந்தவன் அவன்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அண்ணா, அவனை எனக்குத் தெரியும். நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். டிசம்பருக்கு முன்னால் பார்த்ததில்லை. ஜூனிலும் ஜூலையிலும் நாலு முறை கடைக்கு வந்தான். மகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். முதல் முறை அவளையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், இரண்டு வயது இருக்கும். மருந்தை எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கேட்டான். அளவு மூடியில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல விடலன்னா டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போங்க, இழுத்தடிக்காதீங்க" என்றேன். "சரிங்கக்கா" என்றான். துப்பாக்கி அங்கேயேதான் தொங்கியது, இரண்டு குழலிலும் தோட்டாவோடு. ஊரில் உள்ள எல்லார் கையையும் பார்த்தேன். அவன் கையைப் பார்க்கவில்லை. குழந்தை இருந்தது.

நிலையத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்தான். "அக்கா" என்றான். நான் வந்துவிட்டேன்.

மறுநாள் துப்பாக்கியைக் கொண்டுபோய்த் துப்பாக்கிக் கடையில் வைத்தேன். ஒரேயடியாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ரசீது வாங்கியிருக்கிறேன், எந்த நாளும் எடுக்கலாம். இரும்புக் கடைக்காரர், "என்னக்கா இது, இன்னொருத்தன் வெளியிலதானே சுத்திக்கிட்டு இருக்கான்" என்கிறார். அவர் சொல்வதில் தப்பு இல்லை. இன்னொருவன் வெளியில்தான் இருக்கிறான். நேற்று மத்தியானம் ஷட்டரில் கை வைத்தபோது பழையபடி நடுங்கியது. சோற்றைப் பாதியில் மூடிவிட்டேன்.

எடுத்துவரவா, அங்கேயே கிடக்கட்டுமா? கேட்டதற்குப் பதில் வேண்டும். விரிவஞ்ச வேண்டாம்.

உங்கள் தங்கை

*

செப்டம்பர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

முழங்கால் தேவலை. எழுதுவது பத்திரக்காரர்தான். நானே கூப்பிட்டேன். இப்போதெல்லாம் நான் இருமினால்கூட, "இருமினார்னு போடவா?" என்று கேட்கிறார். போட வேண்டாம் என்றேன். போட்டுவிட்டார் பார்.

எடுத்துவரவா என்று கேட்டிருக்கிறாய். இரண்டு நாளாக யோசித்தேன். "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று பத்திரக்காரர் அவசரப்படுத்துகிறார். "எனக்குத் தெரியலன்னு எழுதுங்க" என்றேன். "அப்படியே எழுதவா?" "அப்படியே."

எனக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன் கை நடுங்குகிறது என்று படிக்கும்போது எடுத்துவா என்று சொல்ல வாய் வருகிறது. அவன் குழந்தையோடு வந்து நின்றதைப் படிக்கும்போது வாய் மூடிக்கொள்கிறது. அது உன் பெயரில் இருக்கிறது. நீதான் முடிவு செய்ய வேண்டும்.

என்னால் ஆனது ஒன்று உண்டு. வருகிற புதன்கிழமை பத்தரை மணிப் பேருந்தில் வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன். மத்தியானம் நீ சாப்பிட்டு முடிக்கும்வரை ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து வாசலில் உட்காருகிறேன். எனக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது, காதும் கேட்காது. அது வருகிறவனுக்குத் தெரியாது.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன், அது அதில் இல்லை. பத்திரக்காரர் மறுபடி எதையாவது விட்டுவிட்டாரோ என்று நர்ஸம்மாவிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரும் இல்லை என்றார். நீதான் எழுதவில்லை.

அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? அப்பன் உள்ளே இருக்கிறான். இப்போது மருந்து வாங்க யார் வருகிறார்கள்?

அண்ணன்